நெவிலுக்கு விட்ட இடம்

கடற்கரைச் சாலையை விட்டு வண்டி மில்லம் ஊருக்குள் திரும்பும்போதே ஹேசல் பெனிங்டன் தனக்குள் ஒரு பந்தயம் கட்டிவிட்டாள். இன்று மதியக் கச்சேரியில் ஒரே ஒரு ஆள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், எழுந்து போகாமல், பக்கத்து ஆளோடு பேசாமல் அவளைக் கேட்டால் போதும். அவள் தொடர்ந்து பாடுவாள். அப்படி ஒருத்தரும் இல்லையென்றால் ஆறு மணிக்குப் பாலினுக்குப் போன் போட்டு, வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவாள்.

பாலின், ஹேசலின் ஊரான வொர்க்கிங்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர். அங்கே சலவைக்கூடத்துக்கு ஆள் தேவை. நிரந்தர வேலை, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஒரே நிபந்தனை, சனி ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். பாட்டுக்காரிக்குச் சனி ஞாயிறை விட்டால் வேறு கிழமை ஏது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறார்கள்? அந்த வேலைக்குத் தலையாட்டினால் பாட்டைத் தலைமுழுக வேண்டியதுதான். அது பாலினுக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு ஹேசல்," என்று போனில் சொல்லியிருந்தாள். "அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. இன்னொருத்தி தெனம் வந்து கேட்டுட்டுப் போறா."

முப்பது வயதில் ஹேசலுக்கு ஹால் நிறைய ஆள் வேண்டும். நாற்பதில் முன்வரிசை நிறைந்தால் போதும் என்று இறங்கி வந்தாள். இப்போது ஐம்பத்து நாலு. ஒருத்தர் போதும் என்கிறாள். இதற்குக் கீழே இறங்க இடமில்லை என்பது அவளுக்கே தெரிந்துதான் அந்தப் பந்தயம்.

அவள் பாடுவது கன்ட்ரி பாட்டு. அமெரிக்காவில் குதிரையும் லாரியும் சாராயமும் வைத்துப் பாடுவார்களே, அந்த வகையறாதான். ஆனால் ஹேசலின் பாட்டில் குதிரை கிடையாது. அந்தப் பாட்டு பிறந்த டென்னசியை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஒயிட்ஹேவன் பஸ் நிலையம், மூடிக்கிடக்கும் எஃகு ஆலை, கடலிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும் மழை. அவற்றைத்தான் எழுதினாள். எங்கள் பக்கத்துப் பாடகர்கள் கன்ட்ரி என்றதும் மூக்கால் பேசி அமெரிக்கராகிவிடுவார்கள். ஹேசல் எங்கள் கம்பர்லாந்துக்காரியாகவே பாடினாள், குரலை உயர்த்தாமல், பக்கத்து அறையில் தூங்குகிற ஆளை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

நெவில் பத்தொன்பது வருஷம் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தான். மேசை போல நாலு காலில் நிற்கும் வாத்தியம் அது. கம்பிகள் மேல் ஒரு இரும்புத் துண்டை வைத்து இழுத்தால், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற ஆளைப் போலச் சத்தம் வரும். ஹேசலின் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாம் சரணம் முடிந்ததும் எட்டுத் தாளச் சுற்று நெவிலுடையது. அவள் வாயை மூடி, கிட்டாரையும் நிறுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருப்பாள். எட்டு முடிந்ததும் மறுபடி பாடுவாள். வீட்டிலும் அவன் அவளுக்கு இடப்பக்கம்தான் படுத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் உல்லாசக் கப்பலில் வாசிக்கப் போனான். மூன்று மாதம் என்றான். மூன்று மாதத்தில் கப்பல் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இவன் அந்தக் கப்பலில் பாடிய பெண்ணோடு சேர்ந்து அடுத்த கப்பலில் ஏறிவிட்டான். செத்துப்போயிருந்தாலாவது நாலு பேர் பூவும் கேக்கும் கொண்டுவந்து துக்கம் விசாரித்திருப்பார்கள். ஓடிப்போனவனுக்கு யார் கேக் செய்வார்கள்? ஹேசல் வெட்கப்பட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் அவனுக்கு முதுகு வலி என்று சொன்னாள். இரண்டு வருஷமாக அந்த முதுகு குணமாகவே இல்லை.

அவன் போன பிறகு அவள் பாடிய முதல் கச்சேரி கார்லைலில். இரண்டாம் சரணம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டாள். இடப்பக்கம் திரும்பிவிட்டாள். யாருமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காலால் தட்டி எட்டு வரை எண்ணி, மறுபடி பாடினாள். அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரன் அதை மௌனத்தின் அழகு என்று எழுதிவைத்தான். அவனுக்கென்ன, எழுதுவான். அதிலிருந்து அதையே தன் பாணி என்று அவளும் சொல்லிக்கொண்டாள். உண்மையில், அந்த எட்டுச் சுற்றை வெட்டிவிட்டு நேரே மூன்றாம் சரணத்துக்குப் போக அவள் கை வரவில்லை. அவனுடைய வாத்தியத்தை அவன் எடுத்துப் போய்விட்டான். அவன் உட்கார்ந்து வாசித்த குட்டை ஸ்டூல் மட்டும் மிச்சம். அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடையில் இடப்பக்கம் போட்டு, டீக் கோப்பையை அதன்மேல் வைத்துக்கொள்வாள். கோப்பை வைக்க ஏதாவது வேண்டுமே என்பாள்.

இன்றைய கச்சேரி டிரை கிரீக் கிளப்பில். பேருக்கு அர்த்தம் வறண்ட ஓடை. வருஷத்தில் இருநூறு நாள் மழை பெய்யும் ஊரில் இப்படிப் பேர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். பழைய இரும்பாலைத் தொழிலாளர் மண்டபத்தில் ஞாயிறு தோறும் இரண்டு மணிக்குக் கூடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் பிளம்பராகவும் தபால்காரராகவும் பள்ளிக்கூடச் சமையல்காரியாகவும் இருப்பவர்கள் அன்று மட்டும் அமெரிக்கக் கௌபாய்களைப் போல அகலத் தொப்பியும் குஞ்சம் வைத்த சட்டையும் இடுப்பில் வெற்றுத்தோட்டாத் துப்பாக்கியுமாக வந்து இறங்குவார்கள். ஹேசல் கதவைத் திறந்ததும் தோற்சட்டை போட்ட ஒருவர் கிறிஸ்துமஸ் பரிசுப்பொட்டலம் போல மின்னும் ஷெரிஃப் நட்சத்திரத்தோடு எதிரே வந்தார். அவர்தான் கிளப் செயலாளர் நார்மன். எங்கேயோ கிடைத்த பழைய விசிட்டிங் கார்டில் 'ஹேசல், நெவில், கன்ட்ரி' என்று மூன்றே வார்த்தை பார்த்து, ஒரு பாட்டையும் கேட்டுப்பார்க்காமல் கூப்பிட்டுவிட்டவர்.

"வாங்கம்மா வாங்க. நெவில் எங்க, வண்டியை நிறுத்துறாரா?"

"வரலைங்க. முதுகு வலி."

"அடடா. என் மச்சானுக்கும் அப்படித்தான், குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினான், அப்படியே நின்னுட்டான். பரவாயில்ல, நீங்க ஒரு ஆளே சமாளிச்சுருவீங்க. ஆடுறதுக்குத் தோதா எடுத்து விடுங்க போதும். நம்ம பசங்க கால் சும்மா நிக்காது."

ஹேசல் ஹாலைப் பார்த்தாள். நாற்பது பேர் ஏற்கனவே வரிசை நடனத்துக்கு நாலு வரிசையாக நின்று, கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் இருக்கும் முப்பது பாட்டில் ஆடுவதற்குத் தோதாக ஒன்றுகூடக் கிடையாது. இப்போது சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படியெல்லாம் சொல்லிப் பழகவில்லை. கல்யாண வீடு தவறிப் போய் உட்கார்ந்தால்கூட மொய் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

முதல் பாட்டு பஸ் நிழற்குடையைப் பற்றியது.

மழை விட்டு ரொம்ப நேரமாச்சு,
நான் மட்டும் நிழற்குடையில நிக்கிறேன்.

வரிசைகள் தாளத்தைத் தேடின. முன்வரிசை இடப்பக்கம் திரும்ப, இரண்டாம் வரிசை வலப்பக்கம் திரும்பி, ஒரு தபால்காரரும் ஒரு சமையல்காரியும் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. ஹேசல் நிறுத்தினாள். இடப்பக்கம் திரும்பி, காலால் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஹால் முழுக்கக் கை தட்டியது. மரியாதையான, தாராளமான கைதட்டல். ஆட்கள் கலைந்து பானம் வாங்கப் போனார்கள். எட்டு முடிந்து அவள் மூன்றாம் சரணத்தை எடுத்ததும் பாதிப் பேர் கோப்பையோடு அலங்கமலங்க நின்றார்கள். பாட்டு நிஜமாகவே முடிந்தபோது மறுபடியும் தட்டினார்கள். இரண்டாம் பாட்டிலும் இதே கதை.

நார்மன் மேடை ஓரமாக வந்து குனிந்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா. ரொம்ப அழகு."

எங்கள் பக்கத்தில் அழகு என்று இரண்டு தரம் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஹேசலுக்குத் தெரியாதா?

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றார் நார்மன். "ஒங்க பாட்டு ரெண்டு தடவை முடியுது. ஜனங்களுக்கு எதுல கை தட்டுறதுன்னு தெரியல. நடுவுல இருக்கிற அந்தச் சும்மா எடத்தை எடுத்துட்டா என்ன?"

"அது சும்மா எடம் இல்லைங்க."

"சரி சரி. நெவில் வாசிக்கிற எடமா? அவருதான் வரலையே."

அவள் கிட்டாரின் சுதியைச் சரிபார்ப்பது போல முறுக்காணியைத் திருகினாள். சரியாக இருந்த சுதி அதில்தான் கெட்டது.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். மேடைக்கு நேர் எதிரே, சுவரில் பதித்த வெப்பக் குழாய்க்குப் பக்கத்து மேசையில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியிருக்கும். தொப்பி மட்டும் கௌபாய்த் தொப்பி, மற்றபடி சாதாரணக் கம்பளிச் சட்டையும் டையும். அரை கிளாஸ் பியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டிலும் அவர் இப்படித்தான் இருந்தார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. கை தட்டுகிற இடத்தில் அவர் மட்டும் தட்டவில்லை. பாட்டு முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒருத்தர் போதும் என்றுதானே பந்தயம். ஹேசல் அந்தக் கிழவருக்காகப் பாட ஆரம்பித்தாள்.

மூன்று, நாலு, ஐந்து என்று பாட்டுகள் போயின. வரிசைக்காரர்கள் அவளை விட்டுவிட்டார்கள். தாங்களே வாயால் எண்ணிக்கொண்டு, வேறு ஏதோ பாட்டின் வேகத்தில் சுவரோரமாக ஆடினார்கள். மேசைகளில் பேச்சு ஏறியது. ஒரு பெண் தன் மருமகளின் சமையலறைத் தரையைப் பற்றி அரைமணி நேரம் விவரித்தாள். ஹேசலுக்கே அந்தத் தரையின் நிறம் மனப்பாடம் ஆகிவிட்டது. கிழவர் மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் அவள் இடப்பக்கம் திரும்பிவிட்டு மறுபடி முன்னால் பார்க்கும்போது அவர் கண் அதே இடத்தில் இருந்தது.

ஆறாவது பாட்டின் நடுவில், அவள் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது, நார்மன் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். பாவம், சும்மா இருக்கிற இடம்தானே என்று பயன்படுத்திக்கொண்டார்.

"எல்லாரும் கவனிங்க. டேட்டி பாட் ரெடி. சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒரு ஆளுக்கு ஒரு கரண்டிதான். ரெண்டாவது கரண்டி எடுக்கிறவங்க மேல எனக்குச் சுட அதிகாரம் இருக்கு."

ஆட்டுக்கறியும் ரத்தப் பொரியலும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வேகவைத்த அந்தச் சட்டி வந்துவிட்டால் எங்கள் ஊரில் தேவதை இறங்கி வந்து பாடினாலும் எடுபடாது. ஹால் காலியானது. மூன்றாம் சரணத்தை ஹேசல் காலி நாற்காலிகளுக்குப் பாடினாள். கிழவர் எழவில்லை. யாரோ ஒரு அம்மாள் தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தட்டைக்கூடப் பார்க்காமல், மேடையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நம்ப முடியாத சந்தோஷம் அவளுக்கு. பாலினுக்கு என்ன சொல்வது என்று பாட்டுக்கு நடுவிலேயே வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். கடைசிப் பாட்டை அவரைப் பார்த்தே முடித்தாள்.

ஐந்து மணிக்குக் கொடி மடிப்பு. இந்த மாதிரிக் கிளப்புகளில் அது இல்லாமல் ஞாயிறு முடியாது. டேப்பில் ஒரு கனத்த பாட்டு ஓட, எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடல் தாண்டியிருக்கும் அமெரிக்க நாட்டுக் கொடியைத் தங்கள் பிள்ளையைப் போர்த்துவது போல நார்மனும் இன்னொருவரும் மடிப்பதைப் பார்த்து நின்றார்கள். யாரும் இருமக்கூட இல்லை. அன்று அந்த ஹால் ஒன்றாக வாயை மூடி நின்றது அந்தத் துணிக்காகத்தான். ஹேசலும் கிட்டாரை அணைத்துக்கொண்டு நின்றாள். பொறாமையாக இருந்தது அவளுக்கு.

பிறகு துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்து, தொப்பிகளைக் கார்களின் பின் இருக்கையில் வைத்து, பிளம்பர்களும் தபால்காரர்களுமாக ஜனங்கள் கலைந்தார்கள். போகிற போக்கில் ஏழெட்டுப் பேர் அவளிடம் அழகு அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நார்மனும் இரண்டு பெண்களும் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள்.

கிழவர் மெதுவாக மேடைக்கு வந்தார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றாள் ஹேசல். "கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டீங்க. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு ஒங்களுக்குத் தெரியாது."

"என்ன?"

"கேட்டதுக்கு நன்றின்னு சொன்னேன்."

அவர் கம்பளிச் சட்டையின் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு காது மிஷின்கள் கடகடத்தன.

"கேக்கலம்மா," என்றார் உரக்க. "இங்க வந்தா ரெண்டையும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுருவேன். நார்மன் மைக்கைத் தொட்டா மண்டையில கடப்பாரை எறங்கும். அப்புறம் துப்பாக்கி வேற."

மூன்று மணி நேரம். அத்தனை பாட்டையும் அவள் ஒரு மூடிய டப்பாவுக்குப் பாடியிருக்கிறாள்.

"அப்ப ஏன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கத்திக் கேட்டாள்.

"வேற எங்க பாக்கச் சொல்ற? ஆடுறவங்க பக்கம் பாத்தா எட்னா ஞாபகம் வரும். என் வீட்டுக்காரி. மூணாவது வரிசையில ஓரமா நிப்பா. அவ போய்ச் சேந்து நாலு வருஷமாச்சு, இன்னமும் அந்த எடத்தை ஒரு ஆள் அளவுக்குக் காலியா விட்டுத்தான் நிக்குறாங்க, பாவிங்க. அதான் மேடையையே பாத்துக்கிட்டு இருப்பேன். வீட்டுல தனியா இருக்கிறதுக்கு இங்க குழாய் சூடா இருக்கு." அவர் மூச்சு வாங்கினார். "நான் வில்ஃப். ஒண்ணு கேக்கணும் ஒன்னை."

"கேளுங்க."

"பாட்டு நடுவுல வாயை மூடிட்டு அந்த ஸ்டூல் பக்கம் திரும்புற. காலு மட்டும் தட்டிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு பாட்டுலயும். அங்க ஒரு டீக் கப்பு தவிர ஒண்ணும் இல்ல. யாருக்காகம்மா காத்திருக்க?"

இரண்டு வருஷமாக அவள் பாட்டைக் கேட்ட ஒருத்தருக்கும் தெரியாதது, கேட்காத மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

முதுகு வலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இந்த மனிதரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பொய்யை மெதுவாகச் சொல்லிப் பழகியவளுக்கு அதைக் கத்திச் சொல்ல வரவில்லை.

"என் வீட்டுக்காரருக்காக," என்றாள். "அவர் போயிட்டாரு."

"என்ன?"

"ஓடிப் போயிட்டாருங்க. இன்னொருத்தி கூட. ரெண்டு வருஷமாச்சு."

காலி ஹாலில் அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. நாற்காலி அடுக்கும் சத்தம் நின்றது. நார்மன் கையில் பிடித்த நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மருமகளின் தரையைப் பற்றிப் பேசிய பெண்ணும் அங்கேதான் இருந்தாள். இனி இது கடற்கரை முழுக்கப் போகும், நாளை மத்தியானத்துக்குள் வொர்க்கிங்டன் வந்து சேரும். ஹேசலுக்கு முகம் எரிந்தது. ஆனால் முதுகில் இருந்து எதையோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது. அது நெவிலின் முதுகு இல்லை, அவளுடையது.

"அடப்பாவி," என்றார் வில்ஃப். "எட்னாவாவது சொல்லிட்டுப் போனா." டப்பாவைத் திறந்தார். "சரி, ஒரு பாட்டுப் பாடு. மிஷினை மாட்டிக்கிறேன். மூணு மணி நேரம் வாயசைக்கிறதைப் பாத்தாச்சு, என்னதான் பாடுறன்னு தெரிஞ்சுக்கலாம்."

உட்கார நாற்காலி தேடினார். எல்லாம் அடுக்கியாகிவிட்டது. மேடையில் ஏறி, டீக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, முனகிக்கொண்டே நெவிலின் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாகக் கோப்பையைத் தவிர எதையும் தாங்காத ஸ்டூல் கிறீச்சிட்டது. எழுந்திருங்கள் என்று ஹேசலின் நாக்கு நுனி வரை வந்தது. எண்பது வயது மனிதரை எழுப்பி என்னவென்று காரணம் சொல்வது?

நிழற்குடைப் பாட்டையே எடுத்தாள். மைக் இல்லை. நார்மன் அடுக்கிய நாற்காலிகள் மேல் சாய்ந்து நின்றார். வில்ஃப் ஒரு மிஷினை மாட்டிவிட்டு மற்றதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சரணம் முடிந்தது. ஹேசல் நிறுத்தி இடப்பக்கம் திரும்பினாள். காலைத் தட்டினாள். ஒன்று. இரண்டு.

மூன்றாவதில் ஸ்டூல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மெல்லிய, நீண்ட, கூரான சத்தம். மேலே ஏறி, நடுங்கி, சறுக்கிக்கொண்டே கீழே இறங்கி, மறுபடி ஏறியது. வில்ஃபின் காது மிஷின். சரியாகப் பொருந்தாமல் விசில் அடித்தது. அவர் உள்ளங்கையால் காதை அழுத்த அழுத்த அது வளைந்து வளைந்து இழுத்தது. சுதியும் சேரவில்லை, தாளமும் சேரவில்லை. நெவில் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பான். ஆனால் அவள் திரும்பிப் பார்த்த இடத்திலிருந்து ஏதோ ஒன்று வாசித்தது.

ஹேசல் சிரித்துவிட்டாள். கிட்டார் மேல் குனிந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. எண்ணிக்கை தப்பிவிட்டது. ஆறிலா எட்டிலா, எங்கே நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் நின்றது. "என்னம்மா, முடிஞ்சிருச்சா?" என்றார் வில்ஃப்.

"இல்லைங்க. இன்னும் ஒரு சரணம் இருக்கு."

"அப்பப் பாடு. நான் ரெடி."

பாடினாள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். முடிந்ததும் கை தட்டவில்லை.

"மெதுவா இருக்கு," என்றார். "எட்னாவுக்குப் பிடிச்சிருக்காது. அவளுக்கு ஆடணும்."

"ஒங்களுக்கு?"

வில்ஃப் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். "எனக்கு அந்த நிழற்குடை தெரியும்மா," என்றார். "மழை விட்டதுக்கப்புறமும் நின்னுருக்கேன்." ஸ்டூலிலிருந்து எழ அவருக்கு ஹேசல் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நார்மன் ஸ்டூலையும் ஒலிபெருக்கியையும் வண்டி வரைக்கும் தூக்கி வந்தார். ஷெரிஃப் நட்சத்திரத்தைக் கழற்றியிருந்தார். மறுபடி கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அழகு என்றும் சொல்லவில்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, "பாத்து ஓட்டிட்டுப் போங்கம்மா," என்றார்.

ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஏப்ரல் மாத வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பிளாக் கோம் மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வில்ஃப் சாலையின் மறுபக்கம் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். பந்தயப்படி பார்த்தால் ஹேசல் தோற்றாயிற்று, ஆனாலும் ஒரு பாட்டைக் கடைசி வார்த்தை வரைக்கும் ஒருத்தர் கேட்டிருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்து பாலினுக்குப் போன் போட்டாள்.

"அட, நீயே கூப்பிட்டுட்டியே," என்றாள் பாலின். "சீருடை என்ன அளவு சொல்லு, நாளைக்கே எடுத்து வைக்கிறேன்."

"வார நாள்ல எத்தனை மணி நேரம் வேணும்னாலும் வர்றேன் பாலின். சனி ஞாயிறு முடியாது."

"அப்ப வேலையும் முடியாது. தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்."

மறுமுனையில் பாலின் பெருமூச்சு விட்டாள். கெட்டவள் இல்லை அவள். "பாட்டுக்காகத்தானா? சரி, நல்லாயிரு. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க பாடுற?"

ஹேசல் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். நார்மன் ஸ்டூலை அங்கே வைத்து, உருளாமல் இருக்க இருக்கைப் பட்டையை அதற்கு மாட்டிவிட்டிருந்தார்.

"எங்கயும் இல்ல," என்றாள். "ஆனா வர முடியாது."